ஞாயிற்றுக்கிழமை டோனக் ஏன் கோலில் நிற்கவில்லை

கில்மோரா
ஜூன் 19, புதன்

அன்பு மகள் க்ரான்யாவுக்கு,

நீ நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கணும்னு தினமும் நினைச்சுக்கிறேன். இங்க நானும் அப்பாவும் சுகம்னு எழுதப் பேனாவை எடுத்தா கை ஒத்துக்கமாட்டேங்குது. உடம்புக்கு ஒண்ணும் இல்லை, மனசுதான் ஒரு இடத்துல உட்காரலை. டீக்குத் தண்ணி வைக்கிறேன், கொதிச்சதும் மறந்துபோய் மறுபடி வைக்கிறேன். காலையில கோழிக்கு ரெண்டு தடவை தீனி போட்டுட்டேன்னு அப்பா சிரிக்கிறார். போன்ல சொல்லலாம்னா நீ குறுக்கே குறுக்கே கேட்பே, நான் அழுதுடுவேன். அதான் காகிதம்.

மாகாண ஹர்லிங் இறுதியாட்டத்துல தம்பி ஏன் கோல்ல நிக்கலைன்னு பெர்த்ல இருந்து மூணு தடவை கேட்டு அனுப்பிட்டே. பேப்பர்ல தொடையில பிடிப்புன்னு போட்டிருந்தாங்க, நம்ம ஊரே அதைத்தான் நம்புது. அது பொய் க்ரான்யா. அவன் தொடைக்கு ஒண்ணும் இல்லை. அவனை நிறுத்தினது நான்தான்.

உனக்குத் தெரியாத கதை இல்லை, இருந்தாலும் எழுதினாத்தான் எனக்கு ஆறும். இருபது வயசுல முதல் முதலா நம்ம கவுண்டி அணிக்கு ஆடி, ஒரே ஆட்டத்துல அஞ்சு கோல் விட்டுட்டு வந்தானே, மாதா கோயில் வாசல்லயே எவனோ சல்லடைன்னு பேர் வச்சானே, ஞாபகம் இருக்கா? நாலு வருஷம் அணியில யாரும் அவனைக் கூப்பிடலை. நாலு வருஷமும் மாட்டுக்கொட்டாய்ச் சுவத்துல பந்தை அடிச்சு அடிச்சு, திரும்பி வர்றதைப் பிடிச்சுப் பிடிச்சு, சுவத்துப் பூச்சு முழுக்க உதிர்ந்துபோச்சு. பசு பயந்து பால் குறையுதுன்னு அப்பா கத்துவார், அவன் காதுலயே வாங்கமாட்டான். அப்புறம்தான் மூணு தடவை அகில அயர்லாந்துக் கோப்பை, டப்ளின்ல கடைசி நிமிஷத்துல தரையோட படுத்து ஹர்லி மட்டை நுனியால தட்டிவிட்ட அந்தப் பந்து, எல்லாம். சல்லடைன்னு சொன்ன அதே ஆளுங்க பிள்ளைங்களுக்கு டோனக்னு பேர் வச்சாங்க.

மே மாசம் ஒரு ஆட்டத்துல, கோல் முன்னாடி நடந்த நெரிசல்ல எதிராளி மட்டை ஹெல்மெட் கம்பிக்குள்ள புகுந்து கண்ணோரமா பட்டுச்சு. எழுந்து நின்னு கையை ஆட்டினான், ஜனம் கை தட்டுச்சு, அதோட மறந்துட்டோம். அப்புறம் ஒரு வியாழக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தான். பன்னி இறைச்சியும் முட்டைக்கோசும் நல்லாத்தான் சாப்பிட்டான். டீயை ஊத்தினான் பாரு, கப்புக்குப் பக்கத்துல மேசை மேல ஊத்துறான், ஊத்திக்கிட்டே இருக்கான். நான் பார்க்கிறதைப் பார்த்துட்டு, கை நழுவிடுச்சும்மான்னான். கிளம்பும்போது, வேலைக்கு ஓட்டுற பால் லாரியை வெளியே எடுத்தவன் கேட் தூணை இடிச்சான். நம்ம டோனக், கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த கேட்டைத் தாண்டுறவன்! ஓடிப்போய் லாரிக் கதவைப் பிடிச்சுக்கிட்டேன். உண்மையைச் சொல்லுடா, கண்ணுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதும்மா, ஒரு கண்ணை மூடிக்கிட்டா ஒண்ணாயிடும், அப்படித்தான் ஓட்டுறேன்னான். கோல்ல நிக்கிறப்பவும் மூடிக்குவியாடான்னு கேட்டேன். அங்க ரெண்டு பந்தா வரும், ரெண்டையும் தடுக்கப் பார்ப்பேன், ஒண்ணு நிஜமாத்தானே இருக்கும்னு சிரிச்சான். சிரிச்சுட்டு, யார்கிட்டயாவது சொன்னேன்னா உனக்கு மகனே கிடையாதுன்னு நினைச்சுக்கோன்னான். அப்போ சிரிக்கலை.

ஒரு நாள் முழுக்கப் பித்துப் பிடிச்ச மாதிரி வீட்டுக்கும் களத்துக்குமா நடந்தேன். ரோட்ல லாரிச் சத்தம் கேட்டா வாசலுக்கு ஓடுவேன். அப்பாகிட்ட சொன்னா, வேணாம் நோரீன், முப்பத்தாறு வயசு ஆம்பளை, அவன் பாடுன்னார். பால் கறந்து முடிச்சு வந்தவர், போறதுன்னா கார்ல பெட்ரோல் இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுக் கை கழுவப் போயிட்டார்.

பயிற்சி மைதானத்துல அவங்க பயிற்சியாளர் மொசி தனியா வலை கட்டிக்கிட்டிருந்தான், ஆடுற பிள்ளைங்க இன்னும் வரலை. மொசி, டோனக்கைப் பத்தி ஒரு விஷயம்னு ஆரம்பிச்சேன். கையைத் தூக்கி நிறுத்தினான். அக்கா, பயிற்சியாளரா இதை என் காதுல வாங்கிட்டேன்னா நான் அவனை வெளியே உட்கார வைக்கணும், யோசிச்சுச் சொல்லுங்கன்னான். அதுக்குத்தான்டா வந்திருக்கேன்னேன். கேட்டு முடிச்சப்புறம் கட்டின வலை முடிச்சை அவுத்து மறுபடி கட்டினான். இடது பக்கம் தாழ்வா வர்ற பந்தை ரெண்டு வாரமா விடறான் அக்கா, நான் பார்த்தேன், கேட்கலை, அவன் இல்லாட்டி எனக்கு யார் இருக்கான்னான். தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் காலையில டோனக் நடந்து வந்தான். லாரி இல்லை, மொசி சாவியை வாங்கிட்டான். களத்துல நின்னு, பதினாறு வருஷமா எனக்கு முன்னாடி இருந்துதான் எல்லாரும் அடிச்சிருக்காங்க, பின்னாடி இருந்து அடிச்சது நீ ஒருத்திதான்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம போயிட்டான்.

நடுவுல எழுந்துபோய்க் கொடியில துணி காஞ்சுதான்னு பார்த்துட்டு வந்தேன். காயலை.

ஞாயித்துக்கிழமை இறுதியாட்டத்துக்குத் தர்லஸ் மைதானத்துக்குப் போனோம். அப்பா உள்ளே போனார். நான் எப்பவும் போல வெளியே. உனக்குத் தெரியாது, அவன் ஆடின ஒரு ஆட்டத்தையும் நான் உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை, டிக்கெட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு ஜெபமாலையோட மைதானத்தைச் சுத்திச் சுத்தி நடப்பேன். அன்னைக்கு அவன் ஆடலை, இருந்தும் கால் நிக்கலை. ரயில் பாலத்துக்கிட்ட திரும்புறேன், அங்க அவன் நிக்கிறான், அணிச் சட்டையோட, முகமெல்லாம் வெளுத்துப்போய். பெஞ்சுல உட்கார முடியலைம்மான்னான். நட, நடந்தா கொஞ்சம் தேவலைன்னேன். ரெண்டு பேருமா நடந்தோம். உள்ளேயிருந்து ஒரு இரைச்சல் வந்துச்சு. அது கம்பத்துக்கு மேல போன ஒரு பாயிண்ட், நமக்குன்னேன். உனக்கு எப்படித் தெரியும்னான். எல்லாம் சத்தத்துலயே தெரியும்டா, நீ பந்தைத் தடுத்தா முதல்ல மூச்சு பிடிக்கிற மாதிரி ஒரு அமைதி வரும், அப்புறம்தான் கத்துவாங்கன்னேன். நின்னுட்டான். பதினாறு வருஷமா நீ இங்கயா இருந்தேன்னு கேட்டான். வேற எங்கடா போவேன்னேன்.

கடைசி அஞ்சு நிமிஷத்துல எதிர்ப்பக்கத்து ஜனம் கத்தின கத்துல பாலமே அதிர்ந்துச்சு. கோல், ஒரே அடியில மூணு பாயிண்ட், எனக்குச் சொல்லத் தேவையில்லை. நம்ம புதுக் கோல்கீப்பர் ரூரி விட்டுட்டான், இடது பக்கம் தாழ்வா. ரெண்டு பாயிண்ட்ல தோத்தோம். நீ நின்னிருந்தா தடுத்திருப்பியேன்னு வாய் வரைக்கும் வந்து விழுங்கினேன். அவனே சொன்னான்: நான் நின்னிருந்தா ரெண்டு பந்தையும் விட்டிருப்பேம்மா. சொல்லிட்டு என் தோள்ல தலையை வச்சான். எவ்வளவு உயரம் அவன், குனிஞ்சு குனிஞ்சு வச்சான்.

நேத்து கார்க் நகரத்துல கண் டாக்டர்கிட்ட கூட்டிப்போனேன். நரம்புல அடியாம். ஆபரேஷன் செஞ்சா ரெண்டு ஒண்ணாகலாம், வண்டி ஓட்டலாம், ஆனா கோல்ல இனி நிக்கக்கூடாது, இன்னொரு அடி பட்டா அந்தக் கண்ணே போயிடும்னுட்டார். வர்ற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தான். இன்னைக்குக் காலையில நம்ம சமையலறை மேசையில உட்கார்ந்து, விலகுறேன்னு பேப்பருக்கு ஒரு அறிக்கை எழுதினான். எழுத்துப்பிழை பாரும்மான்னு கொடுத்தான். தொடைப்பிடிப்புன்னு இல்லை. கண்ணுல அடிபட்ட விஷயத்தை மறைச்சேன், என் அம்மாதான் போய்ச் சொன்னாங்க, அவங்க சொல்லலைன்னா நான் சொல்லியிருக்கவே மாட்டேன்னு இருக்கு. அந்த வரியை எடுத்துடுடா, தோத்ததுக்குக் காரணம் நான்னு ஊரே என்னைத் திட்டும்னேன். திட்டட்டும், உண்மை அதானேன்னு மடிச்சுப் பையில வச்சுக்கிட்டான். மன்னிச்சானா, மாட்டிவிட்டானான்னு எனக்கே தெரியலை.

வெள்ளிக்கிழமை பேப்பர்ல வரும். ரொட்டி தீர்ந்துபோச்சு, அன்னைக்குக் கடைக்கு நான்தான் போகணும். அப்பா தான் போறேன்னார். வேணாம்னுட்டேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி தம்பிக்கு மறக்காம போன் பண்ணு, தைரியமா இருன்னு மட்டும் சொல்லாதே, அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குச் சலிச்சுப்போச்சு. உன் வேலையைப் பத்திச் சொல்லு, சண்டை போடு. வெயில்ல போகும்போது முகத்துக்கு க்ரீம் தடவிக்கோ, நம்ம தோல் அந்த ஊர் வெயிலுக்கு ஆகாது. கடவுளும் புனித பிரிஜித்தும் உன் பக்கத்துலயே இருந்து உன்னைக் காக்கணும். அப்பா முத்தம் அனுப்பச் சொன்னார்.

நடந்துக்கிட்டே இருக்கிற உன் அம்மா,
நோரீன்