துருப்பிடித்த இரண்டு நட்டுகள்

4 ஜூன் 1979, திங்கள்

எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கீழே போய் காருக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தரையில் பெட்ரோல் சொட்டியிருந்தது. நேற்று மாதா கோயில் பூசைக்குப் போகும் வழியில் கார் நின்றுபோய், தள்ளிக்கொண்டு வந்ததற்குக் காரணம் இதுதான். டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கிற பம்பின் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. உள்ளங்கை அளவுச் சாமான். எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு நட்டில் உட்கார்ந்திருக்கிறது.

கணவர் அருளானந்தத்திடம் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே, "போனா போகட்டும், வித்துரலாம் லா" என்றார். சனிக்கிழமை பழைய கார் எடுக்கிற ஆள் வருகிறானாம், பேசி முடித்துவிட்டார். ஏழு வருடமாக இந்தக் காரை யாரையும் கழுவ விடாதவர்.

"அதுக்குள்ள ஓடிருச்சுன்னா?"

"ஓடிருச்சுன்னா அவன வரவேணாம்னு சொல்லிர்றேன். யாரு, நீ கழட்டப் போறியா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பள்ளி விடுமுறைதானே.

5 ஜூன், செவ்வாய்

பஸ் பிடித்து ஜாலான் புசாருக்குப் போனேன். உதிரிப்பாகக் கடை ஜமால் முகம்மது புதுப் பம்பை எடுத்துவைத்துவிட்டு, "மெக்கானிக் யாரு டீச்சர்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை, நல்ல மனிதர்.

"போன டிசம்பர் வெள்ளத்துல முங்குன வண்டியா? அப்ப நட்டு ரெண்டும் துருவேறிப் போயிருக்கும். எண்ணெய் விட்டு ஒரு நாள் சும்மா இருங்க. நட்ட முழுசா சுத்திப் பிடிக்கிற ரிங் ஸ்பேனர் எடுங்க. வாய் தொறந்த ஸ்பேனரு நட்டு மூலைய தின்னுரும். அப்புறம், எடுத்ததும் கழட்டப் பாக்காதீங்க. முதல்ல இறுக்குற பக்கம் இத்துனூண்டு தள்ளுங்க. பிடி விட்டுச்சுன்னா தானா வரும்."

எழுதிக்கொண்டேன். மாணவிபோல.

6 ஜூன், புதன்

எழுதிக்கொண்டு என்ன பயன். எண்ணெய் விட்டு அரைமணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. வீட்டிலிருந்த வாய் திறந்த ஸ்பேனரைப் போட்டு, முழு பலத்தோடு இழுத்தேன். கீழ் நட்டின் மூலைகள் போய்விட்டன. இப்போது அது உருண்டையாக, வழவழவென்று இருக்கிறது. என் விரல் முட்டியிலும் தோல் போய்விட்டது.

துருப்பிடித்தல் பாடத்தை இருபது வருடமாக நடத்துகிறேன். ஆணி, தண்ணீர், சோதனைக்குழாய். ஒரு நட்டைக் கழட்டத் தெரியல எனக்கு. என்ன டீச்சர் நான்?

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி சரஸ்வதி தாழ்வாரச் சுவரில் சாய்ந்து நின்று, "அக்கா, எங்க வீட்டுல டிவியையே அணைச்சுட்டாங்க. எல்லாரும் உங்களத்தான் பாக்குறோம்" என்றாள். ஸ்பேனரை ஆட்டிக் காட்டினேன்.

7 ஜூன், வியாழன்

ரிங் ஸ்பேனர்கள் வாங்கி வந்தேன், எண்ணெய் விட்டேன். தொடவில்லை. நாளெல்லாம் கை அரித்தது.

தொடாமல் இருந்ததால் யோசிக்க நேரம். எனக்கு ஏன் இந்தக் கார்? நாங்கள் இருக்கும் ஆங் மோ கியோவிலிருந்து எங்கே போகவும் பஸ் இருக்கிறது. எனக்கு ஓட்டவும் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்கு, "அதான் நான் இருக்கேன்ல" என்றார். அதோடு சரி.

யார் படிக்கப்போகிறார்கள், எழுதிவிடலாம். அருளானந்தம் வீட்டில் பேசுவதில்லை. கோபமெல்லாம் இல்லை, சுபாவம். பேப்பர், சாப்பாடு, டிவி, தூக்கம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ஸ்டீயரிங்கைப் பிடித்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். ஞாயிறு பூசை முடிந்து பொங்கோல் கடற்கரை வரை ஓட்டுவார், ஓட்டிக்கொண்டே பேசுவார். அவர் அம்மா போனதற்கு அழுததுகூட அந்தக் காரில்தான். அப்பர் சிராங்கூன் ரோட்டில், ஒரு சிவப்பு விளக்கில்.

அந்த ஒரு மணி நேரத்தையும் சனிக்கிழமை லாரியில் ஏற்றிவிட்டால்?

8 ஜூன், வெள்ளி

கழன்றது! இரண்டும்!

அவர் வேலையிலிருந்து வந்ததும் டார்ச்சைக் கையில் கொடுத்தேன். நட்டு ஓரிடம், வெளிச்சம் ஓரிடம். "அங்க இல்லைங்க, கீழ." மறுபடியும் எஞ்சின் விசிறிமேல் வெளிச்சம் அடிக்கிறார். மேல் நட்டை ரிங் ஸ்பேனரால் இறுக்கும் பக்கம் லேசாகத் தள்ளினேன். டக். அவ்வளவுதான், பிறகு விரலாலேயே சுற்றி எடுத்தேன்.

உருண்டை நட்டு அசையவில்லை. "மெழுகுவத்தி காட்டிச் சூடு பண்ணலாமா?" என்றார்.

"பெட்ரோல் பக்கத்துலயா? ஜோடியா மோட்சத்துக்குப் போயிரலாம்."

அரத்தால் ராவி, ஓர் அளவு சின்ன ரிங் ஸ்பேனரைச் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, கழட்டும் பக்கம் ஒரு தட்டு. பத்தாவது தட்டிலோ என்னவோ, முனகிக்கொண்டு வந்தது. பெட்ரோல் குழாயின் வாயைப் பென்சில் துண்டால் அடைத்துவிட்டு, புதுப் பம்பை மாட்டினேன். அவர் சாவியைத் திருப்பினார். நாலைந்து முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. மாடியில் சரஸ்வதி கைதட்டினாள்.

"பரவாயில்லயே" என்றார் அவர். ஏனோ குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

9 ஜூன், சனி

அந்த ஆளுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன சொல் தவறாதவர்.

10 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து பொங்கோலுக்குக் கிளம்பினோம். மெதுவாக ஓட்டினார், மிகவும் மெதுவாக. பின்னாலிருந்து ஹார்ன். கடல் தெரிந்த பிறகு, ஸ்டீயரிங்கை விடாமல், முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "பிரிஜட், ஆறு மாசமா பஸ் நம்பர் தெரியல."

டாக்டரிடம் போயிருக்கிறார். என்னிடம் சொல்லாமல். கண்ணாடி போட்டாலும் ஓரளவுதானாம். கார் ஓட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"பம்ப் போனதும் நல்லதாப் போச்சுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லவேணாம் பாரு. நீ என்னடான்னா முட்டி தேய கழட்டிட்ட."

சிரித்தேன். அவரும் சிரித்தார். காரை ஓரம் கட்டிவிட்டு இருவரும் கடலைப் பார்த்தோம். அவருக்கு எவ்வளவு தெரிந்ததோ.

கார் ஓடாமல் போயிருந்தால் இதைச் சொல்லியே இருக்கமாட்டார்.

திரும்பும்போது ஓரமாகவே வந்தோம். ஒவ்வொரு விளக்கையும் நான் வாசித்துக்கொண்டே வந்தேன். பச்சை. பச்சை. சிவப்பு, நில்லுங்க. வீட்டுக்கு வந்ததும் சாவியை என் கையில் வைத்துவிட்டு, பேப்பரை எடுத்து முகத்துக்கு மிக அருகில் பிடித்துக்கொண்டார். விற்பதைப் பற்றிப் பேச்சில்லை. ஓட்டுவதைப் பற்றியும் பேச்சில்லை.

தேக்காவில், மார்க்கெட்டுக்கு எதிரே, ஓட்டுநர் பள்ளி ஒன்று இருக்கிறது. நாளைக் காலை மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அங்கே பெயர் கொடுக்கப்போகிறேன். நாற்பத்து நான்கு வயதில். அவருக்கு இப்போது தெரியவேண்டாம். லைசென்ஸ் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இடப்பக்கம் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, அப்புறம் சொல்வேன்.