கவருக்குள் போன என் முதல் ஓட்டு

இன்று காலை வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அங்கன்வாடி டீச்சர் நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வந்தாள். உன் பெயரில் விரலை வைத்து, "இவங்க இருக்காங்களா பாட்டி?" என்று கேட்டாள். "போன மழையோட கண்ண மூடிட்டா" என்றேன். பெயரை நீக்க அடுத்த வீட்டுக்காரியான நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். அவள் போன பிறகு எந்த வேலையிலும் கை ஓடவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பட்டியலில் என் பெயரை ஏற வைத்தவளே நீதான். நமக்கு அப்போதுதான் இருபத்தொன்று முடிந்திருந்தது. என் வீட்டுக்காரர் மலையிறங்கிப் போய்த் திரும்பி வராத சமயம். பெயர் எழுத வந்தவர் பகலில் வந்தார்; நாமெல்லாம் மேட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். உன் வீட்டில் பெயர் சொல்ல ஆள் இருந்தது, என் வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு பள்ளிக்கூடச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். நீ மேலிருந்து கீழே வரை பார்த்துவிட்டு, "ஏட்டி பேச்சி, எம் பேரு இருக்கு, ஒம் பேரு இல்லட்டி" என்றாய். மறுநாளே வில்லேஜ் ஆபீசுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய்.

குமாஸ்தா மனுவை நிரப்பிக்கொண்டே கணவர் பெயரைக் கேட்டார். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். "அவ அப்பா பேர எழுதுங்க சார். அவரு எங்கயும் ஓடிப் போகல" என்றாய் நீ. அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் அப்பா பெயரையே எழுதினார்.

பார்லிமென்டுக்கும் சட்டசபைக்கும் ஒரே நாளில் நடந்த தேர்தல் அது. மாட்டுப்பட்டிப் பக்கமிருந்து வந்த பனி பள்ளிக்கூட வாசலை மறைத்திருந்தது. வரிசையில் நீ முன்னால், நான் பின்னால். நீ மை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டாய். என் முறை வந்ததும் ஆபீசர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நிங்ஙள் வோட்டு செய்தல்லோ" என்று மலையாளத்தில் சொன்னார். நான் ஏற்கெனவே ஓட்டுப் போட்டாயிற்றாம். என் பெயரில் யாரோ வந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் லயங்களில் மூன்று பேச்சியம்மாள் உண்டு. ஆள் மாறிப் போனதா, வேண்டுமென்றே செய்ததா, இன்றுவரை தெரியாது.

மை படாத விரலைக் காட்டினேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். புருஷனும் இல்லை, இப்போது பெயரும் இல்லை என்று தோன்றியது. வெளியே போகத் திரும்பினேன். கதவருகே நின்ற நீ என் கையைப் பிடித்தாய்.

"எங்க போற? டெண்டர் ஓட்டு கேளு. ஒம் பேர்ல வேற ஆளு போட்டுட்டாலும் ஒனக்குத் தனியா சீட்டு குடுக்கணும். யூனியன் கூட்டத்துல சொன்னாங்கல்லா?"

"ஓட்டுப் போட்டவங்க வெளிய போகணும்" என்று போலீஸ்காரர் அதட்டினார். "இவ போட்டதும் போறேன்" என்று அசையாமல் நின்றாய். நான் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டேன்.

ஆபீசர் சின்ன வயசுக்காரர். கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அப்பா பெயர், லயம் எல்லாம் விசாரித்தார். அப்புறமும் தயங்கினார். நீ ஜன்னலோரம் இருந்த கட்சி ஏஜெண்டைப் பார்த்தாய். அவர் எதிர்க்கட்சி யூனியன்காரர். அவரோடு நீ பேசியே வருஷமாகியிருந்தது.

"அண்ணாச்சி, இவ யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா? சொல்லுங்க."

அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். பிறகு, "இதுதான் சார் அந்தப் பேச்சியம்மா. அவ அப்பாவும் நானும் ஒண்ணா வேல பாத்தோம்" என்றார்.

தனித் தாளில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு விட்ட எழுத்து. முழுப் பெயரையும் எழுதி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டு சீட்டிலும் முத்திரை குத்திக் கொடுத்தேன். பெட்டியில் போடாமல் கவரில் வைத்தார்கள்.

ஏற்றத்தில் நடக்கும்போது சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் நீ நின்று சொன்னாய்: "பேச்சி, அந்தக் கவர எண்ண மாட்டாங்களாம். கோர்ட்டு கேட்டாத்தான் பிரிப்பாங்களாம்."

"மொதல்லயே ஏன் சொல்லல?"

"சொல்லிருந்தா நீ வீட்டுக்குப் போயிருப்ப."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நானே வந்து உன் பக்கத்தில் நின்றேன். நீ உன் கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாய்.

பல வருஷம் கழித்து, என் பி.எஃப். காகிதத்தில் பெயர் தப்பாக இருக்கிறது என்று ஆபீசில் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். "அப்போ சரியாக்க என்ன காகிதம் வேணும்னு சொல்லுங்க" என்று ஜன்னலைவிட்டு நகராமல் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். குமாஸ்தா கடைசியில் ஒரு மனுவை எடுத்து நீட்டினார். உன்னைப் போலவே அந்த இடத்தில் நின்றிருக்கிறேன் என்பது வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.