ஸபர் பிறைக்கு முந்திய கப்பல்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்.
1934 மே, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

எங்கள் கண்மணி மகன் இனாயத்துல்லாவுக்கு அம்மா ஜைதூன் பீ எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். உன்மேலும் மருமகள் சகினாமேலும் அவள் சுமக்கிற பிள்ளைமேலும் அல்லாஹ்வின் காவல் இருக்கட்டும். இங்கே எனக்கும் உன் அத்தாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் நலம் என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. சோறு ஆக்குகிறேன், அது அப்படியே ஆறிப்போகிறது. வெயிலோ வெயில், கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. உன் தங்கை ஜஹனாரா பிள்ளைகளோடு வந்திருக்கிறாள், அதுகள் மாம்பழத்துக்கு அடித்துக்கொண்டு வீட்டை இரண்டாக்குகின்றன, எனக்கு அது பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரிதான் கேட்கிறது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை ஸ்டீமரில் வந்தது. அத்தா கண்ணாடி மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார், பாதியிலேயே குரல் இறங்கிப்போய்விட்டது. இந்த ஸ்டீமரில் இடம் கிடைக்கவில்லை, அடுத்த தடவை அது அந்தமானுக்கு வந்து சேர்வதற்குள் ஸபர் மாதம் பிறந்துவிடும், ஸபரில் கிளம்பக் கூடாது என்று மாமி தந்தி கொடுத்திருக்கிறார்கள், அதனால் நாகூர் நூர் முஹம்மது மரைக்காயரின் கொப்பரைக் கப்பலில் பிறை தெரியுமுன் ஏறிவிடுகிறோம் என்று எழுதியிருக்கிறாயே. பாய்க்கப்பலடா அது! ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியைக் கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்து நடுக்கடலைத் தாண்டப் போகிறாயா? அந்தத் தீவில் இப்போது கடல் கண்ணாடி மாதிரி இருக்கிறது, கரையில் நின்றால் அடியில் பவழமும் மீனும் தெரிகிறது, புழுக்கத்தில் ஓர் இலைகூட அசையவில்லை என்றெல்லாம் எழுதினாய், சரி. அதற்குக் கீழேயே, காற்றே இல்லாமல் தெற்கேயிருந்து நீள நீளமாக அலை வந்து பாறையில் இடிக்கிறது, சகினா தினம் அதைப் பார்க்கப் போகிறாள், வேடிக்கையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். வேடிக்கையா? காற்று இல்லாமல் அலை வருகிறதென்றால் தூரத்தில் ஏதோ ஒன்று அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று உனக்குத் தோன்றவில்லையா? மரக்கிடங்கு ஆபீசில் உத்தியோகம் பார்க்கிறாய், இங்கிலீஷில் பேசுகிறாய், இதை யோசிக்க வேண்டாமா?

உன் மாமியார் அஃப்சருன்னிசாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்றார்கள், வழக்கம்தான், நான் குறுக்கே நிற்கவில்லை. அதற்கு மேலே இந்த ஸபரையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கும் ஸபர் என்றால் உள்ளூர நடுக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை, நானும் அந்த மாதம் பிறந்தால் புதுப் பானைகூட வாங்குவதில்லை. ஆனால் அத்தா பள்ளிவாசலில் ஹஜ்ரத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார், ஸபரில் பீடை என்பது மார்க்கத்தில் இல்லவே இல்லை, பெண்களாகக் கட்டிக்கொண்டது என்று அவர் சொல்லிவிட்டாராம். புயலுக்கு முஹர்ரம் தெரியுமா ஸபர் தெரியுமா? சண்டை போட்டே தீருவது என்று நேற்றுக் காலை திருவல்லிக்கேணிக்குப் புறப்பட்டேன், துப்பட்டியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் சம்பந்தியே ரிக்‌ஷாவில் வந்து இறங்குகிறார்கள். செருப்புக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மாசத்தத்தான் நெனச்சேன் ஜைதூன், கடல நெனைக்கலியே, எம் பொண்ண நானே கூப்ட்டு கடல்ல உட்டுட்டேனே" என்று அழுத அழுகையில் எனக்கு வாயில் வைத்திருந்த வசவெல்லாம் காணாமல் போய்விட்டது. இப்போது இங்கேதான் இருக்கிறார்கள், கூடத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு எங்கிருந்து பயம் வந்தது என்கிறாயா, பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். அந்தமானுக்குத் தெற்கே புயற்சின்னம் உண்டாகியிருக்கிறது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அத்தா அதை என் கண்ணில் படாமல் தலையணைக்கடியில் வைத்தார், படுக்கை தட்டும்போது எடுத்துவிட்டேன். மீன்காரி தேவானை இன்றைக்கு வெறுங்கூடையோடு வந்து நின்றாள், "இன்னான்னு சொல்றது பீம்மா, ஒரு கட்டுமரம்கூட தள்ளல, காத்து செத்துப் பூட்ச்சி, தண்ணி எண்ண ஊத்துன மாரி கீது, ஆம்பளைங்க அல்லாம் கரையில குந்திக்கினு கீறாங்க" என்றாள். இனிமேல் காற்று எழும்பினாலும் கச்சான்தான், மேற்கே வருகிற பாய்க்கப்பலுக்கு முகத்தில் அடிக்கிற காற்று என்றும் சொன்னாள். அவளிடம் உன் சங்கதியைச் சொல்லவில்லை, சொன்னால் அவள் முகம் எப்படி மாறுமோ, அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அத்தா டிராம் ஏறித் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், கொடிமரத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களாம். உன் கடிதத்தைக் கொண்டுவந்த அந்த ஸ்டீமர் நேற்றே புறப்பட்டிருக்க வேண்டியது, இன்னும் கட்டிப்போட்டபடி நிற்கிறது. இரும்புக் கப்பலே பயந்து நிற்கிறதடா இனாயத்.

கப்பலில் ஏறாதே என்று செவ்வாய்க்கிழமையே தந்தி அடித்தோம். கம்பியில்லாத் தந்தி இடி மின்னலில் சரியாகப் போவதில்லை, சேர்ந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது என்கிறார்கள். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் நான் ஓடுகிறேன், எனக்கு முன்னால் சம்பந்தி ஓடுகிறார்கள், அத்தா மட்டும் எழுந்திருக்காமல் எங்கள் முகத்தையே பார்க்கிறார். கடைக்கும் போகவில்லை.

இந்தக் கடிதமும் அந்த ஸ்டீமரில்தான் வர வேண்டும், அது வந்து சேரும்போது ஸபர் பிறந்திருக்கும், அது எனக்குத் தெரியாமல் எழுதவில்லை. நீ ஏறாமல் இருந்தால் கேட்டுக்கொள். மாதத்தைப் பார்க்காதே, கடல் அடங்கியதும் அதே ஸ்டீமரில் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள், உன் மாமியாரும் அதைத்தான் சொல்லச் சொன்னார்கள். இடம் கிடைக்காவிட்டால் வரவே வேண்டாம், அங்கேயே ஆஸ்பத்திரியில் பிரசவமாகட்டும், தாய்வீடு எங்கேயும் ஓடிப்போகாது. சகினாவைப் பாறைப் பக்கம் விடாதே. குமட்டலுக்கு எலுமிச்சை ஊறுகாய் மரைக்காயர் ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தேன், காலியாகியிருந்தால் சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடு. நாகூர் ஆண்டவருக்குப் போர்வை நேர்ந்திருக்கிறேன், நீங்கள் வந்த பிறகு எல்லோருமாகப் போகலாம்.

ஆண்டவன் உங்கள் மூன்று பேரையும் கரையிலேயே வைத்திருக்கட்டும், ஆயுசைக் கொடுக்கட்டும், என் ஆயுசில் எடுத்தாவது கொடுக்கட்டும். இது கையில் கிடைத்ததும் வேறு எதுவும் செய்யாமல் தந்தி ஆபீசுக்கு ஓடு. கவரின் பின்பக்கம் நம் விலாசம் இல்லையே என்று பார்க்காதே. அத்தா எழுதத்தான் போனார், நான்தான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். வாங்க ஆளில்லை என்று இது என் வாசலுக்குத் திரும்பி வரக் கூடாது.

உன்னைப் பெற்றவள்,
ஜைதூன் பீ