கோலை விட்டு வெளியே வருதல்

இன்று காலை ரொக்ஸ்பரோ ஐஸ் அரங்கின் வாசலில் காரின் பின்பெட்டியைத் திறந்தபோது, ஈரம் உலராத கையுறைகளின் புளித்த மணம் முகத்தில் அடித்தது. "எடி, உதுக்குள்ள பழங்கஞ்சி வைச்சிருக்கிறியோ?" என்று நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய். நீ போனபின் எனக்கு இது முதல் ஆட்டம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

நாங்கள் ஐஸ் ஹொக்கிக்கு வந்ததே பிள்ளைகளால்தான். அவர்கள் பயிற்சி எடுக்க, நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நிற்போம். "சும்மா நிண்டு விறைக்கிறதுக்கு நாங்களும் விளையாடலாமடி" என்றாய். முப்பத்தெட்டு வயதில் பெண்களின் ஞாயிறு அணியில் சேர்ந்தோம். உனக்குக் காலில் வேகம் இருந்தது. தடுப்பு வரிசையில் நின்றாய். எனக்குப் பிடிவாதம் மட்டும்தான், கோல் காக்க விட்டார்கள்.

வருகிற பக்கை, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, மறித்துவிடுவேன். மட்டையால் அதைக் கையாள்வதென்றால்தான் பயம். கோல் காப்பவளின் மட்டை அகலம், பாரமும் கூட. இரண்டு கையிலும் தலையணை மாதிரிக் கையுறைகள். முதல் வருஷம் ஒருதடவை கோலை விட்டு வெளியே வந்து, பக்கை எதிரணிக்காரியின் மட்டைக்கே தள்ளிக் கொடுத்துவிட்டேன். கோல் வெறுமையாகக் கிடந்தது. அவள் சிரித்துக்கொண்டே அடித்தாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு கோலுக்கு முன்னாலுள்ள நீல வளைவை விட்டு நான் நகர்ந்ததில்லை.

பிறகு லவால் அரங்கில் அந்த ஆட்டம். ஒரு கோல் முன்னுக்கு நிற்கிறோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும். எதிரணி பக்கை எங்கள் மூலைக்கு வீசியது. அது பலகைச் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு கோலுக்குப் பின்னால் வந்தது. நான் போய் அதை மறித்து நிறுத்தினால் நீ நிதானமாக எடுத்துக்கொண்டு போகலாம். நான் போகாவிட்டால் நீதான் முதுகைக் காட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஓடவேண்டும். உன் பின்னால் உயரமான ஒருத்தி முழுவேகத்தில் துரத்தி வந்தாள்.

"வா, எடு! எடியே, வா!"

ஐஸில் எங்கள் கூப்பாடெல்லாம் தமிழில்தான். மற்றவர்களுக்கு விளங்காது என்பதில் உனக்குப் பெருமை கலந்த ஒரு புளுகம். எனக்கு விளங்கியது. கால் அசையவில்லை.

எங்கள் லீக்கில் வேண்டுமென்று மோதக்கூடாது. அவள் வேண்டுமென்று மோதவில்லை, நிற்க முடியவில்லை. நீ சுவரில் அடிபட்ட சத்தத்தில் அரங்கே அடங்கிப்போனது. காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது, வலியில் பல்லைக் கடித்தபடி கேட்டாய்: "நான் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லையடி. ஒரே சத்தம்."

நீ நம்பினாய். "சரி, அடுத்தமுறை இன்னும் உரத்துக் கத்திறன்."

அந்த வார்த்தையோடு எட்டு நாள் இருந்தேன். ஒன்பதாம் நாள் உன் வீட்டுக்கு வந்தேன். ஒரு கையால் தலைவாரப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எனக்குக் கேட்டது" என்றேன். "பயத்தில நிண்டிட்டன்."

சீப்பை மேசையில் வைத்தாய். "அப்ப நான் அடிபடுறதை நிண்டு பாத்தனீ."

நான் வாரிவிடச் சீப்பை எடுத்தேன்.

"போ. பேந்து கதைப்பம்."

அந்தப் பேந்து வர ஐந்து கிழமை எடுத்தது. என் அழைப்பு ஒன்றையும் நீ எடுக்கவில்லை. உன் நட்பு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஒரு சனி மத்தியானம், நான் தனியே பழகிக்கொண்டிருந்தபோது, கழுத்தில் கட்டித் தூக்கிய கையோடு சறுக்குச் சப்பாத்து இல்லாமல் ஐஸில் இறங்கி வந்தாய். மற்றக் கையில் ஒரு வாளி பக்.

"கோபம் போகேல்லை" என்றாய். "ஆனா நீ இப்பிடியே நிண்டா, அடுத்தவளுக்கும் இதுதான்."

சுவரோரமாக ஒவ்வொன்றாய் வீசினாய். மட்டையையும் உடம்பையும் சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி மறிக்கவேண்டும். வலக்கை மட்டையின் உச்சிக்கு ஏறவேண்டும். இடது கையுறை மேலிருந்து தண்டை அமுக்கிப் பிடிக்கவேண்டும். இதெல்லாம் காணொளிகளில் பார்த்து எனக்குத் தெரியும். தெரியாதது புறப்படுவதுதான். "யோசிக்காதை, வெளிக்கிடு!" என்று நீ கத்தக் கத்த, வாளி நான்கு தடவை வெறுமையானது. போகும்போது நீ சிரிக்கவில்லை. "அடுத்த சனியும் வாறன்" என்றாய்.

அதன்பிறகு இரண்டு பருவங்கள் ஒன்றாக விளையாடினோம். நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் வெளியே வந்தேன். இந்த ஆவணியில் உன் சமையலறையில் விழுந்தாய். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை.

இன்று உன் இடத்தில் சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தி நின்றாள். வந்து நான்கு குளிர்காலம் ஆகிறதாம். ஆட்டத்துக்கு முன் கேட்டாள்: "பக் பின்னாடி போனா நீங்க வருவீங்களா, இல்ல நானே போகணுமா?"

"கூப்பிடுங்கோ. வருவன்."

கடைசிப் பத்து நிமிஷம், இரண்டு கோலுக்கு இரண்டு கோல், சமநிலை. பக் சுவரோடு வந்தது. அவள் ஓடினாள், அவள் முதுகுக்குப் பின்னால் எதிரணிக்காரி. "வாங்க!" என்று அவள் குரல். நான் புறப்பட்டுவிட்டேன். சுவரில் ஒட்டி மறித்தேன். ஆனால் ஐஸ் வெட்டுப்பட்டிருந்த இடத்தில் பக் துள்ளி, என் மட்டைக்கு மேலால் தாண்டி, கோலுக்கு முன்னால் போய் விழுந்தது. அங்கே நின்ற இன்னொரு எதிரணிக்காரி அதை வெறும் கோலுக்குள் தட்டிவிட்டாள்.

தோற்றோம். எங்கள் அணி உட்காரும் வாங்கில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. சென்னைக்காரி மட்டும் வந்து, "சாரிங்க, நான் கூப்பிட்டதாலதான்..." என்று இழுத்தாள். அவளுடைய இரண்டு தோள்களையும் பார்த்தேன், ஒன்றும் முறியவில்லை.

"கேட்டது" என்றேன். "அடுத்தமுறையும் கூப்பிடுங்கோ."