ஊறிய வாசனை

3 பிப்ரவரி 2025, திங்கள்

இல்லை, நான் எதுவும் பூசிக்கொண்டு வரவில்லை. ஸ்ரீரங்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ் நம்பவில்லை. "கரு வைக்கிற அன்னைக்கு இப்படி வாசனையோட வராதீங்க மேடம். லேப்ல இருக்கிற கருவுக்கே ஆகாது." எப்படிச் சொல்வது? மலைக்கோட்டைக்குக் கீழே கணவருக்கு அத்தர் கடை. கல்யாணமாகி ஆறு வருடமாக வீட்டில் உட்கார்ந்து பாட்டில் நிரப்புவது நானும் அவர் அம்மாவும்தான், என் மாமி. பூசிய வாசனை இல்லை இது. ஊறியது.

உறைய வைத்த கருக்களில் ஒன்றுதான் மீதி. முந்தைய இரண்டும் தங்கவில்லை.

5 பிப்ரவரி

அத்தரில் என்ன கலக்கிறீர்கள் என்று அனுசுயா டாக்டர் கேட்டார். எண்ணெயைப் பெருக்க ஊற்றுகிற, நிறமில்லாத திரவம். கேனில் வரும். டி.இ.பி. பெயரைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"தாலேட் வகை. அந்த வகை ரசாயனங்க ஹார்மோனைக் குழப்பக்கூடியது. கருவைப் பிடிச்சு வச்சுக்கோன்னு உடம்பு அனுப்புற சேதி கர்ப்பப்பைக்குச் சரியாப் போய்ச் சேராம இருக்கலாம். உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேம்மா. ஆனா இனிமே அதுல கை வைக்காதீங்க."

எம்.ஏ. தத்துவம். காரணம், விளைவு பற்றி நாற்பது பக்கம் எழுதியவள். வெறுங்கையால் நிரப்பியிருக்கிறேன்.

6 பிப்ரவரி

கணவர் ஹபீபுல்லாவிடம் சொன்னேன். "நோன்புக்கு இருபத்தஞ்சு நாள்கூட இல்ல, ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. இப்பப் போயா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அவரே கேனைத் தூக்கிக் கடை மாடிக்குக் கொண்டுபோனார். மாமியிடம் காரணத்தைச் சொல்ல இருவருக்கும் துணிவில்லை. வீட்டில் இடமில்லை என்றோம்.

9 பிப்ரவரி

மூன்று முறை தலைக்குக் குளித்தேன். தலையணையில் மல்லிகை. ஒரு பூவும் இல்லாத மல்லிகை.

12 பிப்ரவரி, புதன்

வாசலில் ஆட்டோ. புது பர்தா, ஊறிவிடக் கூடாதென்று கவரைப் பிரிக்காமலே வைத்திருந்தது. மாமி பிஸ்மி சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சொட்டு தடவினார். நல்ல காரியத்துக்குப் போகிறவருக்கு அத்தர் தடவி அனுப்புவது இந்த வீட்டு வழக்கம்.

ஏன் கையை இழுக்கல? அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு. உதறுனா அவங்க துஆவை உதறுன மாதிரி— அதுக்காகவா? அதுக்காகவா விட்டேன்?

ஆஸ்பத்திரியில் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினேன். நர்ஸ் மோந்து பார்த்தாள். மறுபடி கழுவச் சொன்னாள். பிறகு கரு வைத்தார்கள்.

17 பிப்ரவரி

தங்கிடு.

25 பிப்ரவரி, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு. தங்கவில்லை.

"அன்னைக்குத் தடவுன ஒரு சொட்டால இருக்காதும்மா. வீட்ல யாரையும் குத்தம் சொல்லாதீங்க." அப்படியானால் ஆறு வருடமா? அதுவும் உறுதியாகத் தெரியாது என்றார் டாக்டர். தெரியாது என்பதை யார் தலையில் போடுவது?

26 பிப்ரவரி

மாமியிடம் கத்திவிட்டேன். கேன், டாக்டர் சொன்னது, எல்லாம். "உங்க கையாலதான் மாமி போச்சு"ன்னு சொல்லிட்டேன். பொய். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன்.

மாமி அடுப்பை அணைத்தார். பிறகு மெதுவாக, "எனக்கு நாலு கலைஞ்சுதும்மா. ஹபீபு அஞ்சாவது" என்றார்.

"அப்பவும் அந்தக் கேன் இருந்துச்சா?"

"அது இல்லாம ஏது அத்தரு."

அதனால்தானா? அவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தோம்.

1 மார்ச், சனி

நாளை நோன்பு. எனக்குப் பதிலாகக் கடை மாடியில் ஒரு பெண் பாட்டில் நிரப்புவதாக மாமி சொன்னார். போனோம். இர்பானா, வயது இருபது இருக்கும். கல்யாணமாகி இரண்டு மாதம். ஜன்னல் அடைத்த அறை. விரலெல்லாம் எண்ணெய்.

மாமி பக்கத்தில் போய், "தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒம்பது நாளு. இன்னும் யாருக்கும் சொல்லல மாமி."

அவளுக்குச் சோப்பு கொடுத்து முழங்கை வரை கழுவ வைத்தோம். அட்டை ஒட்டுகிற வேலை கீழே இருக்கிறது, அதைச் செய் என்று அனுப்பினேன். ஆர்டர் பாதிகூட ஆகவில்லை. "நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கிறேன்" என்றார் மாமி.

எனக்கு வைக்க இனிக் கரு மீதியில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு, மீதிப் பாட்டில்களை நான் நிரப்பினேன்.