என் பக்கத்துக் கதவு

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் இடது கண்ணை மட்டும் அதில் சேர்க்காதே. நீ வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடமாடுகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் அப்பா வாங்கிக்கொள்கிறார், அதனால்தான் கடிதம். உன் சித்திக்கு முழங்கால் தேவலை, இப்போது வாய்தான் அதிகம் நடக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அப்பாவே அதைப் பிரித்துப்போட்டு, வீடு முழுக்கத் தண்ணீரில்லாமல் செய்து, பிறகு குழாய்க்காரரைக் கூப்பிட்டார். கேட்டால் தானே சரிசெய்ததாகத்தான் சொல்வார், நீயும் ஆமாம் என்று சொல்லிவிடு.

கார் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீட்டுக் கார் போன பிறகு, நாம ரெண்டு பேர்தானே, பின்சீட்டு எதுக்கு என்றார் அப்பா. இரண்டே இருக்கை, மேலே திறந்த வண்டி. எனக்கும் ஆசைதான், பொய் சொல்ல மாட்டேன். ஏரிக்கரைச் சாலையில் முகத்தில் காற்றடிக்கப் போக வேண்டும் என்று நானும் நினைத்திருக்கிறேன். எந்த வண்டி என்பதில்தான் வந்தது வினை. ஒன்று, போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் தன் ஷெட்டில் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார். நீ பிறப்பதற்கு வெகு காலம் முன்னால் செய்தது, கரும்பச்சை நிறம், நீளமான மூக்கு. இன்னொன்று ஷோரூமில் இருக்கும் புது ரோட்ஸ்டர், அதுவும் இரண்டு இருக்கை வண்டிதான். பொத்தானை அழுத்தினால் கூரை தானே மடிந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. அப்பா அதைச் சுற்றி வந்து, இதுல எதுவுமே கெடாது போலிருக்கே என்றார், குறை சொல்கிற குரலில். பார்வை இருக்கிற வரைக்கும் ஆசைப்பட்டதை ஓட்டுங்கப்பா என்று நீ அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. தப்பில்லை. ஆனால் கண் டாக்டர் பேசியபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான். இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு, அப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றார். அதற்குப் பிறகு ஓட்ட வேண்டியவள் யார்? பஸ் நம் மேட்டுக்குக் கீழேயே திரும்பிவிடுகிறது. நான் லேப் வேலைக்குப் போவதும் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அந்த வண்டியில்தான். பழைய வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். இருக்கை முன்னால் நகராது, கிளட்ச் எனக்கு எட்டவில்லை, நுனிக்காலால் தொட்டபோதும் கல் மாதிரி அசையாமல் நின்றது. புதியதில் இருக்கையை இழுத்துப்போட்டுக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு பிரேக்கு, பிரேக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார், நான் மிதித்துக்கொண்டிருந்ததும் பிரேக்கைத்தான்.

இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், அப்போ பார்த்துக்கலாம் என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, நீயே சொல்லு, உன் இஷ்டம் என்கிறார். நம் வீட்டு 'உன் இஷ்டம்' எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். ஹாலுக்கு மஞ்சள் திரை என் இஷ்டத்துக்குத்தான் வாங்கினோம். அது நைந்து கிழிகிற வரை, வந்தவர் போனவர் எல்லோருக்கும் அதை அம்மா செலக்‌ஷன் என்று அறிமுகப்படுத்தினார். இப்போது புதியது என்று சொன்னால் அவர் ஆசையில் மண் போட்டவள் நான். பழையது என்று சொன்னால், அவர் கண் போகிற அன்று இரண்டு பேரும் இந்த மேட்டில் அடைந்து கிடக்க வேண்டியதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது.

போன வாரம் பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனோம். என் பக்கத்துக் கதவுக்கு உள்ளே பிடி கிடையாது, எப்போதோ உடைந்ததாம், வெளியிலிருந்துதான் திறக்க முடியும். ஐயா வந்து திறந்துவிடுவாரு, அதுவும் ஒரு மரியாதைதானேம்மா என்று ஸ்டுடியோக்காரர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். தூறல் என்பதால் துணிக்கூரை மூடியிருந்தது. நன்றாகத்தான் ஓடியது, அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்து ஷெட்டில் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு, வண்டியின் பழைய படங்களைப் பார்க்க அப்பாவும் ஸ்டுடியோக்காரரும் பேசிக்கொண்டே வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் உள்ளே. கூப்பிட்டேன், கேட்கவில்லை. சாவி அப்பா கையில், அதனால் ஹாரனும் அடிக்கவில்லை. கால் வழியாக இன்ஜின் சூடு ஏறுகிறது. ஓட்டுகிறவர் பக்கம் நகர்ந்து பார்த்தேன், அந்தக் கதவு பாதிகூடத் திறக்காமல் சுவரில் இடித்தது, ஒல்லி உடம்பு அப்பா நுழைந்து இறங்கிய இடுக்கில் எனக்கு வழியில்லை. அந்த வண்டியில் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி ஒன்றே ஒன்றுதான், இரண்டு பக்கத்துக்கும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதை அவர் பக்கமிருந்து உருவி, என் பக்கம் மாட்டி, கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். உள்ளே போனபோது அப்பா, வா வா, இந்தப் படத்தைப் பாரு என்றார். நானும் பார்த்தேன்.

மறுநாள் லேப்புக்குப் போகிற வழியில் மூக்குக்கண்ணாடிக்காகக் கைப்பையைத் துழாவினால், அந்தக் கைப்பிடி கையில் வருகிறது. என்னையறியாமல் பைக்குள் போட்டிருக்கிறேன். அதற்குள் ஸ்டுடியோக்காரர் பதறிப்போய், அது இல்லாமல் வண்டியை விற்கவே முடியாது என்று போன் செய்துவிட்டார். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் அந்த ஷெட்டைத் தரையோடு தரையாகத் தேடினார். நான் வாயைத் திறக்கவில்லை. அது காணாமல் இருந்தவரை என்னிடம் யாரும் பதில் கேட்கவில்லை, வாலு. மூச்சு விட முடிந்தது. ஆனால் அவர் சட்டை முழுக்கத் தூசியோடு, அந்தக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. எடுத்து மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னேன். உள்ளேயா இருந்த, நீ இறங்கி வந்துட்டேன்னுல்ல நினைச்சேன் என்றார். இறங்கித்தான் வந்தேன் என்றேன்.

நேற்று தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். முகமெல்லாம் பல். உன் கதவுக்கு உள்ளே பிடி வச்சுத் தர்றேன்னுட்டாரு, இனி என்ன குறை, உன் இஷ்டம் என்றார். குழாயைப் பிரித்துப்போட்ட அன்று இருந்த அதே முகம். என் குறை அந்தப் பிடி இல்லை என்பது அவருக்குத் தெரியாமலில்லை. அதைப் பேசினால் கண்ணைப் பற்றிப் பேச வேண்டிவருமே என்று பயப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். புதியது என்று சொல்லப் போகிறேன். அப்பா வாடிப்போவார், அந்த முகத்தோடு ஒரே வீட்டில் நான்தான் இருந்தாக வேண்டும், இருந்துகொள்கிறேன்.

நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போய் வருகிறவளாக இரு. எனக்கு வேறெதுவும் வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா உனக்குப் போன் செய்வார். 'பாவம்ப்பா நீங்க' என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா