சன்னல் ஓரத்துப் போத்தல்

அஜின்கோர்ட்,
ரொறன்ரோ.
16 மார்ச் 2025

அன்புள்ள அருள்மலருக்கு,

உம்முடைய மன்னார் முகவரியை நம்மோடு படித்த வேரோனிக்காவிடம் வாங்கினேன். நீர் அங்கே பாடசாலையில் உயிரியல் படிப்பிப்பதாகவும், முழங்கால் நோவால் படியேறச் சிரமப்படுவதாகவும் சொன்னா. இருபத்தொரு வருடம் ஒரு வரியும் எழுதாதவள் இப்போது சுகம் விசாரிப்பது அழகில்லை. இருந்தாலும் கேட்கிறேன், வைத்தியரிடம் காட்டினீரா? நானும் ஆராய்ச்சியை விட்டு நெடுநாளாகிறது. உணவுப் பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை. இங்கே இன்னும் பனி கரையவில்லை.

மகள் மயூரி பல்கலைக்கழகத்தில் தாவர ஆய்வுகூடம் ஒன்றில் பகுதிநேர வேலை செய்கிறாள். போன ஞாயிறு சாப்பிடும்போது, ஒரு போத்தலை அலுமினியத் தாளால் சுற்றாமல் விட்டதற்கு ஏச்சு வாங்கியதாகச் சொன்னாள். என்ன மருந்து என்று கேட்டேன். அந்த நாளில் இங்கே பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் நாம் இருவரும் நெல் நாற்றுக்குப் பாவித்த அதே மருந்து. லைட் பட்டால் நைட்ரிக் ஒக்சைட் எல்லாம் முதலே வெளிய போயிடும் அம்மா, எவ்ரிபடி நோஸ் தட் என்றாள்.

கை கழுவிவிட்டு பேஸ்மென்ற்றுக்குப் போய் என் பழைய குறிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

உப்பு வேரைத் தொட்டதும் செடி தனக்குள் அந்த நைட்ரிக் ஒக்சைட் வாயுவைத் துளியளவு உண்டாக்கி மற்றக் கலங்களுக்கு ஆபத்தை அறிவிக்கிறது, அந்தச் செய்தியை நாம் முன்கூட்டியே கொடுத்தால் நாற்று உப்பைத் தாங்கத் தயாராகிவிடும் என்று நீர் சொல்வீர். கடல்நீர் ஏறிய உம்முடைய அப்பாவின் வயலை நினைத்துத்தான் அந்த ஆய்வை எடுத்தீர். கார்ப் புகையிலும் உந்த வாயுதானே இருக்கு, அப்ப 401 றோட்டோரம் நெல் விதைப்பமே என்று நான் நக்கலடித்தேன். நீரும் சிரித்தீர்.

உம்முடைய நாற்றுகள் உப்புத் தண்ணீரில் பச்சையாகவே நின்றன. பேராசிரியர் என்னைத் திருப்பிச் செய்யச் சொன்னார். மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் மஞ்சளாகிச் செத்தன. நீர் காலையில் கொஞ்சமாகக் கரைத்து, மேசை லாச்சிக்குள் இருட்டில், தேயிலைப் பைக்கற்றுகளோடு வைப்பீர். நான் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் கரைத்து, கண்ணாடிப் போத்தல்களில் பெயர் ஒட்டி, வெயில் விழும் சன்னல் ஓரத்தில் அடுக்குவேன். வெளிச்சம் படாமல் வையும் புனிதா, ஏனெண்டு எனக்குத் தெரியாது, அப்பிடி வைச்சால்தான் வேலை செய்யுது என்றீர். காரணம் தெரியாததை நான் செய்யமாட்டேன் என்றேன். அறிக்கையில் உம்முடைய லாச்சியைப் பற்றியும், ஒழுங்கீனம் என்று எழுதினேன்.

புதன்கிழமைக் குறிப்பில் என் கையெழுத்தில் இருக்கிறது: கரைசல் இலேசான நீலம். வெளிச்சத்தில் மருந்து கெட்டதன் நிறம் அது என்று இப்போதுதான் தெரிகிறது. கண்டேன், எழுதினேன், ஏன் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகிப்பவள் என்று பெயர் எடுத்த நான் என் போத்தலைச் சந்தேகிக்கவில்லை.

பேராசிரியருக்கு முன்னால் நீர் என்னோடு வாதாடியிருந்தால் இத்தனை கனம் இருந்திராது. புனிதா சொன்னால் சரியாத்தான் இருக்கும், என்ரை கையிலதான் பிழை என்றீர். புலமைப்பரிசில் நின்றது, ஊருக்குத் திரும்பினீர். அதற்குப் பிறகு நீர் ஒரு பரிசோதனையும் செய்யவில்லை என்று வேரோனிக்கா சொன்னா. நீர் கண்டதை வேறு நாடுகளில் வேறு ஆட்களும் கண்டு எழுதியிருக்கிறார்கள் என்று மயூரி தேடிக் காட்டினாள். பேராசிரியருக்கு எழுதினேன். ஓய்வுபெற்றுவிட்டார், பதிலில்லை. வந்தாலும் உம்முடைய வருடங்கள் திரும்பா.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க எழுதவில்லை. ஒரு காரியம் செய்யும். கிளிநொச்சி விவசாய பீடத்தில் அந்த மருந்து கிடைக்கக்கூடும். உம்மிடம் படிக்கும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே ஒரு தட்டு நெல் முளைக்கவையும். மருந்தை உம்முடைய கையால் கரைத்து, ஒரு லாச்சிக்குள் வையும். அதை நாற்றுக்குக் கொடுத்த பிறகு உப்புத் தண்ணீர் விடும். இந்த முறை என் சொல்லை நம்பவேண்டாம், நாற்றைப் பாரும்.

எனக்கு எழுத விருப்பமில்லாவிட்டால் வேரோனிக்காவிடம் சொல்லிவிடும், பச்சையாக நிற்கிறது என்று மட்டும்.

உம்முடைய கைக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

புனிதவதி